சூலூரின் 18-வது ஸ்குவாட்ரன்: பழையதா, புதியதா?

வாசகர் கேள்வி, 7 அக்டோபர் 2024

நேற்று மெரினாவில் தேஜஸ் போர் விமானம் பறந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து படித்தால், சூலூரில் 18-வது ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படையின் ஒரு போர் விமானப் பிரிவு, தொடங்கியது 2020-ல் என்று போட்டிருக்கிறது. அதே ஸ்குவாட்ரன் 1971 போரில் பரம்வீர் சக்கரம் வாங்கியது என்றும் போட்டிருக்கிறது. விமானம் வேறு, ஊர் வேறு, ஆட்கள் வேறு. பழைய பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டால் பழைய பெருமையும் கூடவே வந்துவிடுமா?

7 அக்டோபர் 2024, இரவு

முதலில் தேதி. 2020 அதன் பிறந்த வருடம் இல்லை. 18-வது ஸ்குவாட்ரன் உருவானது 1965 ஏப்ரல் 15. முதலில் கொடுத்த விமானம் நேட். கடைசியாக வைத்திருந்தது மிக்-27. 2016 ஏப்ரல் 15 அன்று, உருவாகிச் சரியாக 51 வருடம் முடிந்த நாளில், அதை நிறுத்தி வைத்தார்கள். 2020 ஏப்ரல் 1-ல் சூலூரில் மறுபடி எழுப்பினார்கள். மே 27-ல் முறைப்படி விழா.

அந்த மே 27 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரடங்கு நேரம், திருச்சி ரோட்டில் லாரிச் சத்தம்கூட இல்லை. எங்கள் வீடு காங்கேயம்பாளையம் பக்கம். மொட்டை மாடியில் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார், நான் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரன்வே பக்கமிருந்து முதலில் ஒரு உறுமல், அப்புறம் துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். முக்கோண இறக்கையோடு சின்னதாக ஒன்று மேலே ஏறிப் போனது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு விமானப்படைத் தளபதி பதௌரியாவே தேஜஸ் ஓட்டினார், புதிதாக எழுப்பிய 18-வது ஸ்குவாட்ரனின் விமானத்தில்.

அது பழைய ஸ்குவாட்ரன்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

8 அக்டோபர் 2024

இன்று விமானப்படை தினம், நல்ல நாள்தான்.

ஒரு ஸ்குவாட்ரனிடம் விமானம் தீர்ந்துவிட்டால், அடுத்த விமானம் இன்னும் வரவில்லை என்றால், விமானப்படை அதை ஒரேயடியாகக் கலைத்துவிடுவதில்லை. 'நம்பர் பிளேட்' செய்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். ஆட்களை வேறு இடங்களுக்கு மாற்றிவிடுவார்கள். விமானங்கள் போய்விடும். ஆனால் எண், சின்னம், வாசகம், குடியரசுத் தலைவர் கொடுத்த கொடி, கோப்பைகள், வெள்ளிச் சாமான்கள், தினமும் நடந்ததை எழுதி வைத்த பதிவேடு எல்லாம் பத்திரமாக இருக்கும். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

நம் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றி, ஓர் ஓரமாக வைத்துப் பூஜை நடக்கும். உள்ளே கருவறையில் கல்லைப் பெயர்ப்பார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், சில சமயம் வருடக்கணக்கில் இழுக்கும். குடமுழுக்கு அன்று சக்தி மறுபடி உள்ளே போகும். கோபுரம் புதிது, தரை புதிது, பெயிண்ட் புதிது. "இது வேறே கோயில்" என்று யாராவது சொல்கிறோமா?

18-வது ஸ்குவாட்ரனுக்கு 2016 முதல் 2020 வரை பாலாலயக் காலம். அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2015 நவம்பரில்தான், குடியரசுத் தலைவரின் கொடி கிடைத்திருந்தது. கொடி வாங்கிய கையோடு விமானத்தை ஒப்படைத்தவர்கள் அவர்கள். அதை நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

8 அக்டோபர் 2024, மாலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. பதௌரியா அன்று ஓட்டியது 18-வது ஸ்குவாட்ரனின் விமானம் இல்லை. 45-வது ஸ்குவாட்ரனின் ஒற்றை இருக்கைத் தேஜஸ். 45 தேஜஸுக்கு மூத்தது: 2016 ஜூலை 1-ல் பெங்களூரில் தொடங்கி, 2018-ல் சூலூருக்கு வந்தது. 18 இரண்டாவது. ஆனால் இறுதி அனுமதி பெற்ற தேஜஸ், அதாவது ஆகாயத்திலேயே எரிபொருள் நிரப்பவும் பார்வைக்கு எட்டாத தூரத்து இலக்கை ஏவுகணையால் அடிக்கவும் முழுதாகத் தேறிய வகை, முதலில் வந்து சேர்ந்தது 18-க்குத்தான்.

9 அக்டோபர் 2024

பெயர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 'ஃப்ளையிங் புல்லட்ஸ்', பறக்கும் தோட்டாக்கள். வாசகம் 'தீவ்ர அவுர் நிர்பய': வேகமும் அச்சமின்மையும். 2020-ல் பக்கத்து வீட்டுப் பையனிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது, "எல்லாருமே புல்லட் வண்டியா வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறான், விமானப்படைத் தேர்வுக்குத் தயாராகிறான்.

13 அக்டோபர் 2024

நேட் பற்றிச் சொல்லாமல் இந்த ஸ்குவாட்ரனைப் பற்றிச் சொன்னால் அது பாதிக் கதை.

நேட் என்றால் கொசு இனத்தில் ஒரு பொடிப் பூச்சி. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படத்தில் பார்த்தபோது இருந்த மிடுக்கு நேரில் வேறு மாதிரி இருந்தது. மூக்கிலிருந்து வால்வரை நடந்தேன், பன்னிரண்டு எட்டு. கிட்டத்தட்ட 8.7 மீட்டர், நம் டவுன்பஸ்ஸைவிடக் குட்டை. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு 7 மீட்டர்கூட இல்லை. சக்கரங்கள் சைக்கிள் கடையில் தொங்கவிட்டது போலக் குட்டிக் குட்டியாக இருந்தன. ஆனால் காற்று உள்ளே போகும் வாய்களின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய ஆயுதம். விமானிகள் சொல்வார்களாம், நேட்டில் ஏறி உட்காருவதில்லை, அதைச் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வது என்று. காக்பிட்டை எட்டிப் பார்த்தபோது அது வெறும் பேச்சில்லை என்று புரிந்தது. என் தோள் இரண்டு பக்கமும் உரசும்.

அதை வடிவமைத்த பெட்டர் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போகின்றன. சின்னதாக, மலிவாக, நிறையச் செய்ய முடிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அவருடைய சொந்த நாடு அதை வாங்கவில்லை. 1956-ல் ஒப்பந்தம் போட்டு வாங்கியது நாம்தான். அப்புறம் பெங்களூரில் நம் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனமே அதைச் செய்தது.

ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு சின்ன விமானத்தில் வேகத்தடைக்கென்று தனிப் பலகை வைக்க இடம் ஏது? சக்கரத்தைப் பாதி இறக்கினால் அதன் மூடிகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை.

14 அக்டோபர் 2024

"சொந்த நாடு வாங்கவில்லை" என்று ஒரேயடியாக எழுதியது சரியில்லை. ஒற்றை இருக்கைப் போர் விமானத்தைத்தான் பிரிட்டன் படையில் சேர்க்கவில்லை. இரட்டை இருக்கைப் பயிற்சி வகையை நிறையவே வாங்கினார்கள். அவர்களுடைய சாகசக் குழுவான ரெட் ஏரோஸ் 1965-லிருந்து 1979 வரை ஓட்டியது அதைத்தான். போர் வகையைப் பின்லாந்தும் கொஞ்சம் வாங்கி ஓட்டியது. ஆனால் அதைப் போருக்குக் கொண்டுபோனவர்கள் நாம் மட்டுமே.

1 நவம்பர் 2024

தீபாவளிக்குப் பெரியப்பா வந்திருந்தார். அவர் விமானப்படையில் ஏர்பிரேம் ஃபிட்டர், விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவர். எழுபதுகளின் நடுவில் ஒரு நேட் ஸ்குவாட்ரனில் இருந்தவர், 18-ல் இல்லை. ஓய்வுபெற்று வந்தபிறகு கணபதியில் ஒரு பம்புசெட் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம். இப்போதும் வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட விடமாட்டார்.

நான் எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். பாலாலயம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கண்ணு, ஏரோப்பிளேன் போச்சு, ஆளும் போயிட்டான். அப்புறம் அங்கெ என்ன இருக்குது? கொடியும் கோப்பையும் அலமாரில இருக்குது. அலமாரி ஸ்குவாட்ரன் ஆயிருமா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்து வந்தார். ஒரு ரூபாயை உள்ளே போட்டு, "எடு பார்க்கலாம்" என்றார். கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. நேட்டில் வேலை இப்படித்தான் என்றார். உள்ளே சாமான்களை நெருக்கித் திணித்திருப்பார்கள். ஒரு நட்டுக்குப் போக மூன்று பொருளைக் கழற்றவேண்டும். கழற்ற முடியாத இடங்களில் கையை மட்டும் விடவேண்டும். "கண்ணு பார்க்காது, விரல்தான் பார்க்கும்." ஒவ்வொரு நட்டையும் மெல்லிய கம்பியால் முறுக்கிப் பூட்டவேண்டும், பறக்கும்போது அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க. ஒயர் லாக்கிங் என்பார்கள். கம்பி நுனி குத்திக் குத்தி ஆள்காட்டி விரலில் உண்டான தழும்பைக் காட்டினார். ஐம்பது வருடம் ஆகியும் தடவினால் தெரிகிறது. குளிர்காலத்தில் பஞ்சாபில் விடியற்காலை நாலரைக்குக் கையுறை இல்லாமல் அந்த வேலை. கையுறை போட்டால் விரலுக்குப் பார்வை போய்விடும்.

முடித்ததும் 'ஃபார்ம் 700'-ல் கையெழுத்து. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏடு. அதில் ஃபிட்டர் கையெழுத்துப் போட்டால்தான் விமானி கையெழுத்துப் போடுவார், அதற்குப் பிறகுதான் ஏறுவார். "என் கையெழுத்தெ நம்பி ஒருத்தன் மேலெ போறான். அவன் எறங்கி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. ஸ்குவாட்ரன்னா அதுதான். அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் நடுவுல இருக்கறது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. "எனக்குச் சந்தேகம் இல்லை" என்று முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சந்தேகம் இருக்கிறது.

5 நவம்பர் 2024

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, ஆனால் சூலூரைப் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். இந்தத் தளம் தேஜஸோடு பிறந்ததில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களுக்காக இருந்த இடம். 1961-ல் நம் கடற்படையின் 'ஹன்சா' தளம் தொடங்கியது இங்கேதான், சீ ஹாக் விமானங்களோடு. கடலே இல்லாத ஊரில் கடற்படை. கோவா விடுதலைக்குப் பிறகு, 1964-ல் ஹன்சா டபோலிமுக்குப் போய்விட்டது. எண்பதுகளில் விமானப்படை இங்கே மறுபடி வலுவாகக் காலூன்றியது. ஆக இடமும் கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்கிறது.

போன ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ் விமானங்கள் சூலூரில் இறங்கியபோது எங்கள் தெருவே மாடியில் நின்றது. ஜெர்மனியின் டைஃபூன் சத்தத்துக்கும் தேஜஸ் சத்தத்துக்கும் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். டைஃபூன் இடி மாதிரி அடிவயிற்றில் விழும். தேஜஸ் கூர்மையாக வரும்.

22 நவம்பர் 2024

இன்றைய தேதி 18-க்குச் சொந்தமில்லை, 22-வது ஸ்குவாட்ரனுக்குச் சொந்தம். 1971-ல் இதே நாளில், போர் முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே, கொல்கத்தாவின் டம்டமிலிருந்து கிளம்பிய நான்கு நேட்கள், கிழக்கு எல்லையில் பொய்ரா என்ற இடத்துக்கு மேலே பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதின. ஓட்டியவர்கள் மாசே, கணபதி, லசாரஸ், சோரஸ். மூன்று சேபர்களை வீழ்த்தியதாக நம் கணக்கு. இரண்டு போயின, மூன்றாவது அடிபட்டும் திரும்பிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. குதித்துப் பிடிபட்ட இரண்டு விமானிகளில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதி ஆனார்.

நேட்டின் பெயரை முதலில் ஊரறியச் செய்தது 23-வது ஸ்குவாட்ரன். 1965 செப்டம்பர் 3, ஜம்முவின் சம்ப் பகுதிக்கு மேலே. மிஸ்டேர் விமானங்களை உயரத்தில் அனுப்பி ஆசை காட்டினார்கள். நேட்கள் மரத்தை உரசுகிற உயரத்தில் ஒளிந்து பின்னால் போயின. சேபர்கள் மேலே இருந்ததைப் பார்த்து வர, இவை கீழேயிருந்து எழும்பின. டிரெவர் கீலருக்கு ஒரு சேபரை வீழ்த்திய பெருமையும் வீர் சக்கரமும். அந்தச் சேபர் சேதத்தோடு வீடு திரும்பியது என்கிறது எதிர்த்தரப்பு. அதே நாளில் சிக்கந்த் ஓட்டிய நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது. அது இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிரெவரின் அண்ணன் டென்சில் கீலரும் அந்தப் போரில் நேட் ஓட்டியவர், அவரும் வீர் சக்கரம் பெற்றவர். இந்த வருடம் ஆகஸ்டில்தான் காலமானார்.

பெரியப்பா இருந்தது இந்த 23-ல். அவர் சேர்ந்தது எட்டு வருடம் கழித்து. ஆனாலும் செப்டம்பர் 3 பற்றிப் பேசும்போது "நாங்க" என்றுதான் சொல்கிறார். "நாங்க அன்னிக்கு கீழேயே போனோம்." அவர் அன்றைக்கு இருந்தது சூலூர்ப் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பில். இந்த "நாங்க" என்னை யோசிக்க வைத்தது. பாலாலயத்தை ஒத்துக்கொள்ளாதவர், தான் பார்க்காத ஒரு நாளைத் தன்னுடையதாக வைத்திருக்கிறார்.

14 டிசம்பர் 2024

ஸ்ரீநகர். இன்றோடு 53 வருடம்.

பழைய போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி காஷ்மீர் பள்ளத்தாக்கில் வான்காப்புப் போர் விமானங்களை நிறுத்தி வைப்பதில்லை. 1971-ல் சண்டை மூண்டதும் 18-வது ஸ்குவாட்ரனின் நேட் குழு ஒன்று அங்கே போய் இறங்கியது. ஸ்ரீநகரில் இறங்கி அங்கிருந்தே இயங்கிய முதல் போர் ஸ்குவாட்ரன் அதுதான். 'காஷ்மீர் பள்ளத்தாக்கின் காவலர்கள்' என்ற பெயர் அதனால் வந்தது. வந்தவர்களுக்கு அந்த மலைகள் புதிது, அந்த உயரத்துக் காற்று புதிது, டிசம்பர்க் குளிர் அதைவிடப் புதிது.

அதில் ஒருவர் பறக்கும் அதிகாரி நிர்மல்ஜித் சிங் செகோன். லூதியானா பக்கம் இசேவால் கிராமத்துக்காரர். எல்லாரையும் "பிரதர்" என்றே கூப்பிடுவாராம். அதனால் அவருக்கே 'பிரதர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

14-ஆம் தேதி காலை பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன. குண்டு போட நான்கு, துணைக்கு இரண்டு. செகோனும் அவருடைய ஜோடித் தலைவர் கும்மனும் தயார்நிலையில் இருந்தார்கள். நேட்கள் ஓடத் தொடங்கும்போதே சேபர்கள் தலைக்கு மேலே. கும்மன் முதலில் எழும்பினார். செகோன் ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது குண்டுகள் அதே ஓடுதளத்தில் விழுந்தன.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். எழும்பும்போது விமானம் ஒரு விமானமே இல்லை. வேகம் கிடையாது, உயரம் கிடையாது, திரும்ப முடியாது. நேர்க்கோட்டில் ஓடவேண்டும், மேலிருந்து பார்ப்பவனுக்கு அதைவிட எளிதான குறி இருக்காது. அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் எரிபொருள் விசையை முழுதாகத் தள்ளிக்கொண்டு போனார். புகையும் மூட்டமுமாக இருந்ததில் கும்மனுக்கு இவரைத் தெரியவில்லை. எழும்பிய நொடியிலிருந்து செகோன் தனி ஆள்.

குண்டு போட்டுத் திரும்பிய இரண்டு சேபர்களின் பின்னாலேயே போய்ச் சுட்டார். பரம்வீர் சக்கரத்துக்கான அரசுக் குறிப்பு, ஒன்றில் குண்டுகள் பட்டன, இன்னொன்று தீப்பிடித்தது என்கிறது. மற்றவை உதவிக்கு வர, ஒன்றுக்கு நான்காக ஆனது. மரத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றிச் சண்டை. நேட் சேபரைவிட இறுக்கமாகத் திரும்பும், வேகமாக ஏறும். ஆனால் ஒரு வாலைப் பிடித்தால் தன் வால் இன்னொருவனுக்குத் திறந்துதான் இருக்கும். அடிபட்டுவிட்டதாகவும், கும்மனை வரச்சொல்லியும் வானொலியில் சொன்னதுதான் அவரிடமிருந்து வந்த கடைசிப் பேச்சு. விமானத்தின் சிதறல்கள் ஒரு மலைப்பள்ளத்தில் கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை.

விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவரைச் சுட்டு வீழ்த்திய சேபர் விமானி சலீம் பெய்க் மிர்சா, பின்னாளில் எழுதிய கட்டுரையில் அவருடைய திறமையைப் பாராட்டியிருக்கிறார்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டு இதைப் படித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த நேட்டுக்கு அன்னிக்கு 700-ல கையெழுத்துப் போட்டவன் யாரோ. அவன் எப்படித் தூங்கியிருப்பான்?" என்றார். இத்தனை வருடம் இந்தக் கதையைப் படித்தும் அந்த ஆளை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

15 டிசம்பர் 2024

"செகோன் இரண்டு சேபர்களை வீழ்த்தினார் என்று படித்தேனே" என்று கேட்பவர்களுக்கு: நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசுக் குறிப்பில் இருப்பது ஒன்றில் குண்டு பட்டது, ஒன்று தீப்பிடித்தது. ஆறும் திரும்பி வந்தன என்பது பாகிஸ்தான் சொல்வது. எண்ணிக்கையை ஏற்றிச் சொல்வதால் அவருக்கு ஒன்றும் கூடப்போவதில்லை. குண்டு விழும் ஓடுதளத்தில் எழும்பினாரே, அதை இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிறது.

19 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையில் மிக்-27 பற்றி எழுதலாம் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த விமானத்தோடு எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். தரைப்படைக்கு உதவியாகக் கீழே இருக்கும் இலக்குகளை அடிப்பதற்கென்றே செய்தது. இறக்கையைப் பறக்கும்போதே முன்னும் பின்னும் மடக்கலாம். ஆறு குழல் 30 மி.மீ. பீரங்கி. எடை முழுதாக ஏற்றினால் இருபது டன். நேட் நான்கு டன்தான். நாசிக்கில் எச்.ஏ.எல். 165 செய்தது. நம் பெயர் 'பகதூர்'. கடைசி மிக்-27 ஓய்வுபெற்றது 2019 டிசம்பர் 27, ஜோத்பூரில்.

இதை எழுதும்போதுதான் ஒன்று பட்டது. வான்சண்டைக்கென்று பிறந்த ஸ்குவாட்ரன், நேட்டில் தொடங்கி, பின்னாளில் மிக்-27-க்கு வந்தபோது வேலையே மாறிவிட்டது. மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கீழே பார்க்க ஆரம்பித்தார்கள். நடுவில் நான்கு வருட இடைவெளி இல்லாததால் அதை யாரும் "வேறு ஸ்குவாட்ரன்" என்று சொல்லவில்லை. தேஜஸ் வந்தபோதோ மறுபடி அதே பெங்களூர், மறுபடி அதன் காலத்துப் போர் விமானங்களில் சின்னது ஒன்று, 13.2 மீட்டர் நீளம். 2020-ல் நடந்ததுதான் 1965-க்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் சொன்னதற்கு இது முரணா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் முரண்தான்.

27 செப்டம்பர் 2025

எட்டு மாதம் கழித்து மறுபடி எழுதுகிறேன். நேற்று சண்டிகரில் கடைசி மிக்-21-களுக்கு விடைகொடுத்தார்கள். 1963-ல் அதே சண்டிகரில் வந்திறங்கிய விமானம், 62 வருடம். கடைசியாக அதைப் பறக்கவிட்ட ஸ்குவாட்ரன் எது தெரியுமா? 23. பெரியப்பாவின் 23. நேட்டுக்குப் பிறகு அவர்களுக்கு வந்தது மிக்-21. இப்போது அதுவும் போய், 23 நம்பர் பிளேட் ஆகிவிட்டது. இதோடு போர் ஸ்குவாட்ரன்கள் 29 ஆகக் குறைந்துவிட்டன. இருக்கவேண்டியது 42. தேஜஸின் அடுத்த வகை வேகமாக வந்தால்தான் பூட்டிய எண்கள் திறக்கும். சூலூர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, இதில் தாமதம் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

பெரியப்பா வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்துதான் டிவியில் பார்த்தேன். காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். மிக்-21-கள் வரிசையாக இறங்கி, இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்ச, அதன் நடுவே உருண்டு வந்தன. அவர் எதுவும் பேசவில்லை. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் ஓர் ஏட்டைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு அமைச்சரிடம் கொடுத்தார். "700" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். வலது கையின் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

2 அக்டோபர் 2025

நேற்று ராத்திரி பெரியப்பாவிடமிருந்து போன். மணி ஒன்பதரை, அவர் தூங்குகிற நேரம் தாண்டிவிட்டது. ஏதோ உடம்புக்கு என்று பயந்துவிட்டேன்.

"ஏங் கண்ணு, உங்க பதினெட்ட எடுத்து வெச்சு நாலு வருசத்துல எழுப்பிட்டாங்கல்ல?"

"ஆமாங் பெரியப்பா."

"எங்க இருபத்திமூண எப்போ எழுப்புவாங்கனு அதுல ஏதாச்சும் போட்டிருக்குதா, பாத்துச் சொல்லு."